எர்த் குழியில் கல்லுப்பு

வாங்க தம்பி, கோயம்புத்தூர்ல இருந்து பாட்டு செட்டு பாக்க வாரேன்னு ஃபோன் பண்ணினது நீங்கதானே? செருப்பை அங்கன விட்டுட்டு இந்தக் கார்ப்பெட்டு மேலயே நடந்து வாங்க. தரை ஐஸா இருக்கும். வீட்டுக்காரவுக கடைவீதிக்குப் போயிருக்காக. செட்டைக் கட்டித் தரணும்லா, அதுக்கு அட்டைப்பெட்டியும் கயிறும் வாங்கப் போனாக. இப்போ வந்துருவாக. அதுக்குள்ள உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.

அந்தச் செட்டு உங்களுக்கு வேண்டாம் தம்பி. கருப்பட்டிக் காப்பி போட்டுத் தாரேன், குடிச்சிட்டு அப்படியே கெளம்பிருங்க. அவுக வந்து கேட்டா, 'வந்தாரு, பாத்தாரு, பிடிக்கலைன்னு போயிட்டாரு'ன்னு நான் சொல்லிக்கிடுதேன்.

ஏன்னா கேக்கீங்க? அதுல ஒரு கோளாறு இருக்கு. பாட்டு நல்லா ஓடிக்கிட்டே இருக்கும், திடீர்னு ரெண்டு ஸ்பீக்கர்லயும் டப்புனு ஒரு சத்தம் வரும். எண்ணெய்ச் சட்டியில கடுகு தெறிக்கும் பாருங்க, அது மாதிரி, ஆனா பெருசா. பாட்டே செத்துப் போகும். குன்னூர்ல இருந்து மெக்கானிக் வந்து கழட்டிப் பாத்தாரு, ஒண்ணும் புடிபடலை. இதை வாங்கிட்டுப் போயி நீங்க ஏன் கஷ்டப்படணும்?

சிரிக்கீங்க. மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கோ? எனக்குப் பொய் சொல்லி வழக்கமில்ல தம்பி. சத்தம் வாரது நெசம். செட்டுல கோளாறுன்னு சொன்னேன் பாத்தீங்களா, அதுதான் பொய். கோளாறு என்கிட்டல்லா இருக்கு. உக்காருங்க. இந்தாங்க காப்பி. இதை இதுவரைக்கும் ஒரு ஆளுகிட்டயும் சொன்னதில்ல. சோறு எறங்க மாட்டேங்கு, அதான் சொல்லுதேன். யாரோ எவரோ, கேட்டுட்டுப் போயிருவீங்க.

நாங்க தூத்துக்குடிக்காரங்க. அவுகளுக்குத் துறைமுகத்துல வேலை. கப்பல்ல இருந்து எறக்குற சரக்கை நின்னு கணக்குப் பாக்கணும். பகலெல்லாம் கிரேன், லாரி, கப்பல் ஊதுற சத்தம். வீட்டுக்கு வந்தா பேச மாட்டாக. 'காதுக்குள்ள இன்னும் கிரேன் ஓடுது கனி'ம்பாக. என் பேரு ராஜக்கனி, அவுக கனின்னு கூப்பிடுவாக. நானும் மெதுவாப் பேசியே பழகிட்டேன். மிக்ஸியைக்கூட அவுக வேலைக்குப் போன பெறவுதான் போடுவேன். ஒத்தை மக இருக்கா, சிங்கப்பூர்ல. அவளைக்கூட 'சத்தம் போடாத, அப்பா தூங்குதாக'ன்னு அதட்டி அதட்டித்தான் வளத்தேன். கல்யாணமான நாள்ல இருந்து அவுக காதுக்கு இடைஞ்சலா நான் ஒரு சத்தம் போட்டதில்ல தம்பி. அதை மொதல்ல மனசுல வச்சிக்கிடுங்க.

ரிட்டயர் ஆனதும் சத்தமில்லாத ஊருக்குப் போகணும்னாக. கோத்தகிரியில இந்த வீட்டைப் பாத்தாக. பக்கத்து வீடு எங்கேயோ தேயிலைக்கு அந்தால இருக்கு. சத்தம்னா காத்தும் குருவியும்தான். எப்பவாச்சும் காட்டுமாடு வந்து செருமும். அவுகளுக்கு நெறைஞ்சு போச்சு. எனக்கு? என்னை யாரு கேட்டா. எங்க தெருவுல காலையில வாசல் தெளிச்சா நாலு பேரு 'என்னக்கா கொழம்பு'ன்னு கேப்பா. இங்கன வாசல் தெளிச்சா பனிதான் கேக்கும்.

வந்த கையோட இந்தச் செட்டை வாங்கினாக. அந்தக் காலத்து ரெக்கார்டு ஓடுற மிஷின், ஆம்ப்ளிஃபயர், ஆளு உசரத்துக்கு ரெண்டு ஸ்பீக்கர். அதுக்குன்னு ஒரு ரூம். எதிரொலி வரக் கூடாதுன்னு கார்ப்பெட்டு விரிச்சு, தெரை தொங்கவிட்டு, நடுவுல ஒரே ஒரு நாற்காலி. 'இன்னொண்ணு போடுங்களேன்'னு நான் மொதல்லயே கேட்டேன். 'ரெண்டு ஸ்பீக்கரும் சரியா வந்து சேருற எடம் ஒண்ணுதான் இருக்கு கனி, அங்கன ஒரு ஆளுதான் உக்கார முடியும்'னாக. சாக்பீஸால தரையில கோடு போட்டு அளந்துதான் அந்த நாற்காலியைப் போட்டாக. நான் அதுக்கு மேல கேக்கலை.

காலையில பலகாரம் சாப்பிட்டுட்டு உள்ளே போனா மத்தியானம் சாப்பாட்டுக்குத்தான் வெளிய வருவாக. சாயங்காலம் மறுபடி. நான் காப்பி கொண்டு போவேன். கண்ணைத் தொறக்க மாட்டாக. விரலை மட்டும் இப்படி ஆட்டுவாக, வச்சிட்டுப் போன்னு. வச்சிட்டு வந்துருவேன். அவுக மேல தப்பு சொல்லலை. காலமெல்லாம் இரைச்சல்ல நின்ன மனுஷன். பாட்டு கேட்டுட்டுப் போகட்டும்னுதான் இருந்தேன்.

மழைக்காலம் பூரா ஒண்ணும் இல்ல. தை பொறந்து காத்து காஞ்சதும்தான் ஆரம்பிச்சுது.

என் சேலையைப் பாருங்க. நைலக்ஸ். ஊர்ல நான் பருத்திதான் கட்டுவேன். இங்கன பருத்தியைத் தொவைச்சுப் போட்டா காயவே காயாது, ஈர வாடை அடிக்கும். நைலக்ஸ்னா ஒதறிப் போட்டாப் போதும். மேல கம்பளிச் சால்வை. கீழ இந்தக் கார்ப்பெட்டு. இது மூணும் ஒண்ணாச் சேந்தா உடம்புல கரண்டு ஏறும்னு கடக்கரை ஊருக்காரிக்கு எப்படித் தெரியும்? எங்க ஊருல காத்தே ஈரம். எல்லாம் பிசுபிசுன்னு இருக்கும், ஒண்ணும் ஏறாது.

அன்னைக்கு ஒரு வீணை ரெக்கார்டு ஓடிக்கிட்டு இருந்துது. ரொம்ப மெல்லிசா, இழைச்சு இழைச்சு வாசிக்கிற எடம். காப்பியை வைக்கக் குனிஞ்சேன், கை அந்த ஆம்ப்ளிஃபயர் தகரத்துல பட்டுது. விரல்ல சுருக்குனு ஒரு கடி. ஸ்பீக்கர்ல டப்புனு ஒரு சத்தம். எனக்கு உசிரே போயிட்டு. ஐயோ, உடைச்சிட்டேன்னு நெனச்சேன்.

அவுக கண்ணைத் தொறந்தாக. திரும்பிப் பாத்தாக. 'என்ன கனி?'ன்னாக.

அவ்வளவுதான் தம்பி. வேற ஒண்ணும் கேக்கலை. நானும் 'ஒண்ணுமில்ல, காப்பி'ன்னேன். ஆனா பாட்டு ஓடுறப்போ அந்த ரூமுக்குள்ள வச்சு அவுக என் பேரைச் சொன்னது அன்னைக்குத்தான். அடுக்களைக்கு வந்து பாத்திரம் தேய்க்கேன், தேய்க்கேன், என்னமோ சிரிப்பு சிரிப்பா வருது.

மறுநாள் வேணும்னு செய்யலை. சத்தியமா வேணும்னு செய்யலை. தொட்டுப் பாப்போமேன்னு தொட்டேன். டப்பு. திரும்பிப் பாத்தாக. அடுத்த நாளும் தொட்டேன். அதுக்குப் பெறவு ஒரு நாளு உள்ளே போற வழியில தற்செயலா ஜன்னல் கம்பியில கை பட்டுது. அங்கேயே சுருக்குனுட்டு. பெறவு ஆம்ப்ளிஃபயரைத் தொட்டா ஒண்ணுமே வரலை. அப்பதான் எனக்கு வெளங்கிச்சு. கம்பியைத் தொட்டுட்டுப் போனா சத்தம் வராது. தொடாமப் போனா வரும். கார்ப்பெட்டுல காலை நாலு தேய் தேச்சிட்டுப் போனா நல்லாவே வரும்.

மனசு நல்லா இருக்குற நாள்ல கம்பியைத் தொட்டுட்டுப் போவேன். ஃபோன்ல மகளும் எடுக்கலை, இவுகளும் பேசலைன்னு வயித்தெரிச்சலா இருக்குற நாள்ல தொட மாட்டேன். இதான் நான் செஞ்ச காரியம். கேக்கச் சின்னதாத்தான் இருக்கு, இல்லையா? எனக்கும் அப்போ அப்படித்தான் இருந்துது.

அவுக சும்மா இருப்பாகளா? தேட ஆரம்பிச்சாக. ஒயரை மாத்தினாக. பிளக்கை மாத்தினாக. ஃபிரிட்ஜை நிப்பாட்டிப் பாத்தாக, எனக்கு மீன் கொழம்பு கெட்டுப் போனதுதான் மிச்சம். கடைசியில, 'பழைய வீடு கனி, எர்த்து சரியில்ல. புதுசா எர்த் குழி தோண்டணும்'னாக. ஆளைக் கூப்பிடலாம்லா? கூப்பிடலை. அடுக்களைக்குப் பின்னால அவுகளே மண்வெட்டி எடுத்துத் தோண்டினாக. நான் மண்ணை அள்ளிப் போட்டேன். செம்புத் தகட்டை எறக்கி, ஒரு அடுக்கு கரி, ஒரு அடுக்கு கல்லுப்பு, மறுபடி ஒரு அடுக்கு கரி. உப்புன்னா எங்களுக்குச் சொல்லணுமா? 'நம்ம ஊரு உப்பா இது, மண்ணு கலந்துல்லா இருக்கு'ன்னு ரெண்டு பேரும் கடைக்காரனை ஏசிக்கிட்டே கொட்டினோம். ஏசி முடிச்சிட்டு எங்க மாமியா உப்பளத்துல இருந்து மடியில உப்பு அள்ளிட்டு வந்த கதையை அவுக சொன்னாக. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல எனக்கு அந்தக் கதை தெரியாது தம்பி.

குழி காஞ்சா எர்த்து பிடிக்காதாம். தெனம் தண்ணி ஊத்தணும்னாக. அதனால தெனம் சாயங்காலம் நாங்க ரெண்டு பேரும் பின்னால போயி தண்ணி ஊத்துவோம். அவுக வாளியில கொண்டு வருவாக, நான் மொண்டு ஊத்துவேன். ஊத்திக்கிட்டே ஏதாச்சும் பேசுவோம். ஒரு நாளு ஊத்திட்டு உள்ளே வாரோம், பின்னால புஸ்ஸுனு சத்தம். எட்டிப் பாத்தா ஒரு காட்டுமாடு, இந்தக் கதவு உசரம் இருக்கும், எர்த் குழியில தலையை விட்டு உப்பை நக்குது! 'அடியே கனி, நம்ம எர்த்தைத் திங்குதுடி'ன்னாக. அடியேன்னாக தம்பி, அறுவதைத் தாண்டின பெறவு. ஜன்னல்கிட்ட நின்னு ரெண்டு பேரும் வாயைப் பொத்திக்கிட்டு அப்படிச் சிரிச்சோம். அது நக்கி முடிச்சுப் போற வரைக்கும் நின்னோம்.

பெறவு நான் எப்படி நிப்பாட்டுவேன், நீங்களே சொல்லுங்க. சத்தம் நின்னா தேடுறது நிக்கும். தேடுறது நின்னா தண்ணி ஊத்துறதும் நிக்கும்.

இருந்தாலும் நிப்பாட்டத்தான் பாத்தேன். ராத்திரி படுத்தா உறுத்தும். பாட்டு ஒண்ணுதான் கேட்டாரு அந்த மனுஷன், அதுல போயி மண்ணள்ளிப் போடுதோமேன்னு இருக்கும். விரல் நுனி வேற அடி வாங்கி வாங்கித் தோலு வெடிச்சுப் போச்சு. அவுக கடைவீதிக்குப் போயிட்டு வந்து ஒரு களிம்பு டப்பாவை என் முன்னால வச்சாக. 'விரல்ல போட்டுக்கோ'ன்னாக. பனிக்கு எல்லாருக்கும் வெடிக்கும்லா, அதுக்கு வாங்கியிருக்காகன்னு எடுத்துக்கிட்டேன். அது இன்னும் உறுத்திச்சு. நான் இவுக பாட்டைக் கெடுக்கேன், இவுக எனக்குக் களிம்பு வாங்கிட்டு வாராக.

அதனால ஒரு வாரம் ஒழுங்கா இருந்தேன். ஒவ்வொரு தடவையும் கம்பியைத் தொட்டுட்டுத்தான் உள்ளே போனேன். சத்தமே இல்ல. 'எர்த்து நல்லா வேலை செய்யுது போல'ன்னேன். 'ம்'னாக. சந்தோஷப்படணும்லா? படலையே! நாற்காலியில உக்காந்து பாட்டைக் கேக்காம கதவையே பாத்துக்கிட்டு இருக்காக. நான் காப்பியோட போனா என்னையே பாக்காக. எப்போ மறுபடி வெடிக்குமோன்னு பயம் தம்பி அவுகளுக்கு. நிம்மதியாக் கேக்கவே முடியலை. அந்த அளவுக்கு மனுஷனைப் பாடாப் படுத்திட்டேன். சத்தம் இல்லாததால தண்ணி ஊத்தவும் யாரும் போகலை. குழி காஞ்சு கெடந்துது. அதைப் பாத்துட்டுத்தான் மறுபடியும் தொட்டேன்.

சரி, அது வரைக்கும் செஞ்சதை விளையாட்டுன்னே வச்சிக்கிடுங்க. இனிமே சொல்லப் போறது விளையாட்டு இல்ல.

துறைமுகத்துல அவுககூட வேலை பாத்தவரு அருளப்பன்னு ஒரு அண்ணாச்சி. குடும்பத்தோட ஊட்டி பாக்க வந்தவரு, அவரு மட்டும் ஒரு மத்தியானம் இங்கன வந்தாரு. இவுகளுக்குத் தலைகால் புரியலை. காலையிலயே ரெக்கார்டை எல்லாம் தொடைச்சு வச்சாக. அந்த ஒத்தை நாற்காலியில அண்ணாச்சியை உக்கார வச்சிட்டு இவுக பக்கத்துல நின்னாக. அதே வீணை ரெக்கார்டு. நான் முறுக்கும் காப்பியும் எடுத்துட்டுப் போறேன். வாசல்ல வச்சே கேக்குது, அண்ணாச்சி, 'இந்தக் காட்டுக்குள்ள எப்படிடே பொழுது போகுது, பேச்சுத் துணைக்கு யாரு இருக்கா?'ன்னு கேக்காரு. இவுக ஸ்பீக்கரைத் தட்டிக் காமிச்சு, 'இது இருக்குல்லா, இதுதான் துணை'ன்னாக.

நான் தட்டோட நிக்கேன் தம்பி. கையில முறுக்கோட.

ஜன்னலு பக்கத்துலதான் இருக்கு. தொட்டிருக்கலாம். தொடலை. கார்ப்பெட்டுல காலைத் தேச்சேன். சால்வையை இழுத்து விட்டேன். போயி தட்டை வச்சேன், தொட்டேன், டப்பு. முறுக்கு எடுத்துக் கொடுக்குற மாதிரி ரெண்டு எட்டு தேச்சு நடந்துட்டு மறுபடி தொட்டேன். டப்பு. காப்பி டம்ளரை நவுட்டுற மாதிரி இன்னொண்ணு. அண்ணாச்சி சிரிச்சிட்டாரு. 'என்னடே இது, நம்ம ஹார்பர் மைக்கே தேவலை போலிருக்கே'ன்னாரு. விளையாட்டாத்தான் சொன்னாரு. ஆனா இவுக மூஞ்சி இருக்கே. ஒரு நிமிஷம் என்னைப் பாத்தாக. செட்டைப் பாக்கலை, என்னைப் பாத்தாக. 'பாத்தியா கனி, என் மானம் போச்சே'ங்குற மாதிரி. பெறவு குனிஞ்சு ரெக்கார்டு மேல இருந்த முள்ளைத் தூக்கி வச்சிட்டு, 'வாடே, தோட்டத்தைப் பாக்கலாம்'னு கூட்டிட்டுப் போயிட்டாக.

அதோட சரி. அன்னையில இருந்து செட்டைப் போடலை. துணியால மூடிட்டாக. தேடவும் இல்ல. ஒயரு, எர்த்து ஒண்ணும் இல்ல. நானாவது மாறுவோம்னு பாத்தேன், கம்பியைத் தொட்டுட்டு அந்த ரூம் பக்கமே போயி நிக்கேன், 'போடுங்களேன், இன்னைக்குச் சத்தம் வராது'ங்கேன். 'இருக்கட்டும் கனி'ம்பாக.

இப்போ என்ன பண்ணுதாகன்னு நெனைக்கீங்க? அடுக்களையில வந்து உக்காந்து பூண்டு உரிக்காக. பாக்கவே சகிக்கலை தம்பி. வெங்காயம் நறுக்கித் தாராக. 'இன்னைக்கு என்ன கொழம்பு'ன்னு கேக்காக. மிக்ஸியைப் போட்டா எழுந்து போறதில்ல, அங்கேயே உக்காந்திருக்காக, அந்த இரைச்சல்ல. பேச வேற செய்யுதாக. கப்பல் கதை, அவுக அம்மா கதை. பாட்டு போயிட்டு, பேச்சுக்கு வேற நாதி இல்லாம என்கிட்ட வந்து பேசுதாக, பாவம். ஒரு மனுஷனை இப்படி ஒடிச்சுப் போட்டுட்டேனேன்னு எனக்கு அடுப்படியில நிக்கவே கூசுது. போன வாரம் செட்டை யாருக்காச்சும் கொடுத்துரலாம்னு இருக்கேன்னு சொன்னாக. பூண்டை உரிச்சுக்கிட்டே சொன்னாக.

நான் உண்மையைச் சொல்லியிருக்கணும். சொல்லத்தான் வாயைத் தொறந்தேன். 'நான்தான் செஞ்சேன்'னு சொன்னா 'எதுக்கு'ன்னு கேப்பாகல்லா? அதுக்கு என்ன பதில் சொல்ல? நீங்க என்னைத் திரும்பிப் பாக்கணும்னு செஞ்சேன்னு சொல்லவா? பேரன் எடுக்குற வயசுல? பூண்டுத் தோலை அள்ளிக் கொட்டப் போறேன்னு எந்திரிச்சிட்டேன். அதான் உங்க கால்ல விழாத குறையாச் சொல்லுதேன். வேண்டாம்னு போயிருங்க. நீங்க போயிட்டா அடுத்து ஆளு வர நாளாகும். மாசி போயி பங்குனியில ஒரு மழை பெஞ்சா காத்து ஈரமாயிரும், தொட்டாலும் ஒண்ணும் வராது. நானா செட்டைப் போட்டு விட்டு, 'பாருங்க, சரியாயிட்டு'ன்னு சொல்லிருவேன். அவுக நாற்காலிக்குப் போயிருவாக. நான் பழையபடி காப்பியை வச்சிட்டு வந்துருவேன். இனிமே ஒரு நாளும் தொட மாட்டேன். அது போதும் எனக்கு.

என்ன தம்பி? காப்பி ஆறிப் போச்சு, குடிங்க. ஏன் அப்படிப் பாக்கீங்க?

ஃபோன்லயா? அவுக உங்ககிட்ட ஃபோன்ல சொன்னாகளா? என்ன சொன்னாக?

இருங்க. மெதுவாச் சொல்லுங்க. 'செட்டுல ஒரு குறையும் இல்ல தம்பி'ன்னாகளா. சரி. 'ஏன் சார் கொடுக்கீங்க'ன்னு நீங்க கேட்டீங்களா. அதுக்கு? 'என் வீட்டுக்காரி என்னைக் கூப்பிடணும்னா அதைத் தொட்டு அடி வாங்க வேண்டியிருக்கு. அதான் வேண்டாம்னு தோணுது'ன்னாகளா?

அவுக வாயால சொன்னாகளா? என் வீட்டுக்காரவுகளா? நீங்க வேற யாருக்கும் ஃபோன் பண்ணிரலையே?

அடப்பாவி மனுஷா!

தெரிஞ்சிருக்கு தம்பி. எல்லாம் தெரிஞ்சிருக்கு. எப்போ இருந்து தெரியும்? களிம்பு. விரல்ல போட்டுக்கோன்னாகளே. பனிக்குக் கால்லதானே வெடிக்கும், விரல்ல போட்டுக்கோன்னு ஏன் சொன்னாக? அந்த மரமண்டைக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு. அதைத் தெரிஞ்சுக்கிட்டே என்னைத் தெனம் தண்ணி மொண்டு ஊத்த வச்சாகளா? மூட்டை மூட்டையா உப்பை வாங்கிக் காட்டுமாட்டுக்குப் போட்டாகளா? வரட்டும், வரட்டும், இன்னைக்கு இருக்கு.

ஒண்ணுமில்ல. அழலை. நீங்க எந்திரிக்காதீங்க.

அப்போ கதவைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தது பயத்துல இல்லையா தம்பி? ஒரு வாரம் நான் தொடாம இருந்தப்போ. அண்ணாச்சி முன்னால என்னைப் பாத்தாகளே, அது? 'இதுதான் துணை'ன்னு சொன்னது என் காதுல விழுந்துட்டுன்னு அப்பதான் தெரிஞ்சிருக்கும். பூண்டு உரிக்கிறதும் அதுக்குத்தானா? நான் என்னமோ வேற போக்கிடம் இல்லாம அடுக்களைக்கு வாராகன்னுல்லா நெனச்சேன். வாயில்லாத ரெண்டு ஜீவன்களைச் சேத்து வச்சிருக்கான் பாருங்க கடவுள். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அவுக. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் நானும்.

ஐயோ, வாசல் கேட்டுத் தொறக்குற சத்தம். வாராக பாருங்க, அட்டைப்பெட்டியைத் தலையில தொப்பி மாதிரி கவுத்துக்கிட்டு. அந்தப் பெட்டி இனிமே எதுக்கு, வெங்காயம் போட்டு வைக்கேன்.

தம்பி, தப்பா நெனச்சிக்கிடாதீங்க. அவ்வளவு தூரத்துல இருந்து வந்திருக்கீங்க, செட்டு உங்களுக்குக் கெடையாது. மத்தியானம் சாப்பிட்டுட்டுத்தான் போகணும், மீன் கொழம்பு வைக்கேன். அதுக்கு முன்னால ஒரு உபகாரம் செய்ங்க. அந்தச் சாப்பாட்டு மேசை நாற்காலி ஒண்ணை இப்படி ஒரு கை பிடிங்க, அந்த ரூமுக்குள்ள போடணும். அவுக நாற்காலியைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளுங்க. கோடெல்லாம் கெடக்கட்டும், தள்ளுங்க. ஆமா, நடுவுல ஒரு ஆளுக்குத்தான் சரியாக் கேக்கும். ரெண்டு பேருக்கும் கொஞ்சம் கோணலாக் கேட்டுட்டுப் போகட்டும்.

துணியை எடுத்துருங்க. மேல இருக்குது பாருங்க வீணை ரெக்கார்டு, அதைப் போடுங்க. எனக்கு முள்ளு வைக்கத் தெரியாது. அவுக செருப்பைக் கழட்டுதாக, சீக்கிரம்.

நான் உள்ளே வந்து உக்காருதேன். இருங்க, இருங்க. மொதல்ல இந்த ஜன்னல் கம்பியைத் தொட்டுட்டு வந்துருதேன்.